பாலத்து முனையில் உட்கார்ந்திருந்த ஊர்த்தலைவர்

2008-ஆம் வருடம், ஏப்ரல் மாதம். ரங்கூனில் பசுண்டாங் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். ஊருக்கு யாங்கோன் என்று பெயர் மாறிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. எங்கள் வாயில் இன்னும் ரங்கூன்தான். நான் வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவள். என் வீட்டுக்காரர் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிட்டங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினில் கட்டிக்கொடுத்திருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் தனியாகக் கூப்பிட்டால் தலையில் ஏதோ வேலை விழப்போகிறது என்று எங்கள் சபையில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். வடக்கே பூத்தாவோவிலிருந்து ஒரு தம்பதி வருகிறார்கள், மனைவிக்குக் கழுத்தில் கழலை, பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், தேதி கிடைக்கும்வரை உங்கள் வீட்டில் தங்கட்டும் என்றார். மகள் அறை காலியாகத்தானே இருக்கிறது என்று அவரே சேர்த்துக்கொண்டார். எனக்குத் தெரியாமல் என் வீட்டு அறைக் கணக்கு இவருக்கு எப்படித் தெரிந்தது என்று திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூத்தாவோ என்றால் பர்மாவின் உச்சந்தலை. இமயமலையின் கிழக்குக் கடைசி அங்கேதான் நம் நாட்டுக்குள் வருகிறது. ஒரு பக்கம் இந்தியா, ஒரு பக்கம் திபெத். ரங்கூன் வெயிலில் வேர்த்து வடியும் எங்களுக்கு, இதே நாட்டில் வருடம் முழுக்கப் பனி மூடிய மலை இருக்கிறது என்று சொன்னால் கேலி செய்கிறார்களோ என்றுதான் தோன்றும். வந்தவர்கள் ராவாங் இனத்தார். அதுவரை வடக்கத்தி ஆள் என்றால் எல்லாரும் கச்சின் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பூத்தாவோ சமவெளியில் ஷான்கள், சுற்றுமலைகளில் லிசு, ராவாங், பனிக்கு அடியில் கடைசி ஊர்களில் கொஞ்சம் திபெத்தியர் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த மனிதருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம், கெட்டியான கால்கள். தோளில் நெய்த பை, இடுப்பில் மரத்தால் செய்த கத்தியுறை. உறைக்குள் கத்தி இல்லை. விமானத்தில் விடமாட்டோம் என்று வாங்கி வைத்துவிட்டார்களாம். உறை மட்டும் ரங்கூன் பார்க்க வந்திருந்தது. பூத்தாவோவிலிருந்து பல நாள் நடந்தால் வரும் ஒரு சின்ன ஊருக்கு அவர்தான் தலைவர். ஊரில் ஓரளவு பர்மிய மொழி படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் இளவயதிலேயே பதவி தலையில் விழுந்துவிட்டதாம். கேட்டபோது எனக்கு அவர்மேல் ஒரு பாசம் வந்தது.

அவர் மனைவிக்குப் பர்மிய மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. கழலை மூச்சுக்குழாயை அழுத்திக்கொண்டிருந்ததால் படுத்தால் மூச்சு திணறும். சுவரில் சாய்ந்தபடியேதான் தூங்குவாள். ஆனால் சிரிப்புக்குக் குறைவில்லை. கடைத்தெருவில் ஐஸ் போட்ட கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தபோது அந்த ஐஸ் கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கணவனிடம் ஏதோ சொன்னாள். என்னவென்று கேட்டேன். “இதுக்கா இங்க காசு குடுக்கறாங்கன்னு கேக்கறா” என்றார்.

முதல் நாளே ஒரு வேடிக்கை நடந்தது. விமான நிலையத்திலிருந்து அவர்களை அழைத்து வந்த சபைத் தம்பி, வாசலில் விட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தான். இவர் விடவில்லை. உள்ளேயும் வரவில்லை. உட்காருங்கள் என்றாலும் உட்காரவில்லை. தண்ணீர் கேட்கிறாரோ, கழிப்பறை கேட்கிறாரோ என்று நாங்கள் ஆளுக்கொன்றாக நினைத்தோம். கடைசியில் அவரே தட்டுத்தடுமாறிப் பர்மிய மொழியில் சொன்னார். கொண்டுவந்தவர் ‘ஒப்படைத்தேன்’ என்று சொல்ல வேண்டும், வீட்டுக்காரர் ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு சொன்னார். பிறகு என்னிடம் தமிழில், “கல்யாணத்தன்னிக்குக் கோயில்ல சொன்னதுக்கப்புறம் இப்பத்தான் இந்த வார்த்தையச் சொல்றேன். அந்த வாட்டி யோசிக்காம சொல்லிட்டேன்” என்றார். அவருக்கு அன்று காபி தாமதமாகத்தான் கிடைத்தது.

எங்கள் நாட்டில் வெளியூர் ஆள் ஒரு ராத்திரி வீட்டில் தங்கினாலும் வார்டு அலுவலகத்தில் போய்ச் சொல்லிப் பதிய வேண்டும். சொந்த அக்கா வந்தாலும் அதே கதைதான். அதனால் மறுநாள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வார்டு தலைவர் பதிவேட்டைப் பிரித்து, அவர் முகத்தைப் பார்த்து, எந்த நாடு என்று கேட்டார். “இந்த நாடுதான்” என்றார் இவர். எனக்குச் சுருக்கென்றது. நாலு தலைமுறையாக ரங்கூனில் இருக்கும் என்னிடமும் இதே கேள்வியைப் பேருந்திலும் கடையிலும் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். நானும் இதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன், ஆனால் அவரைப்போல அலட்டிக்கொள்ளாமல் எனக்குச் சொல்ல வந்ததில்லை.

எழுதி முடித்ததும் இவர் எழுந்திருக்கவில்லை. நீங்களும் தலைவர், நானும் தலைவர் என்ற தோரணையில் பேச ஆரம்பித்தார்.

“உங்க ஊர்ல எத்தன வீடு?” என்றார்.

“அறுநூறுக்கு மேல” என்றார் எங்கள் தலைவர், கொஞ்சம் பெருமையாக.

“அத்தன வீட்டு ஆளுங்களையும் நீங்களேதான் கொண்டுபோய் விடணுமா? ரொம்பக் கஷ்டம்.”

எங்கள் தலைவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அவர் சொன்னதன் பொருள் வீட்டுக்கு வந்து பேசியபோதுதான் புரிந்தது. அவர்கள் மலையில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே சில இடத்தில் ஒரு நாள் நடை, சில இடத்தில் இரண்டு நாள். வழியில் மண் சரியும், ஆறு பெருகும், கரடி வரும், குளிர்காலத்தில் கணவாய் மூடிக்கொள்ளும். அதனால் வழிப்போக்கரை எந்த ஊரும் தனியாக அனுப்பாது. யார் வந்து தங்கினாலும், அது சர்க்கார் அதிகாரியோ, வாத்தியாரோ, பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற பெண்ணோ, பெயர் தெரியாத ஆளோ, அந்த ஊர்த் தலைவர் அடுத்த ஊர்வரை கூடவே போய்க் கையில் கொடுக்க வேண்டும். வாங்கியவர் ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று சொன்ன பிறகுதான் கொடுத்தவர் திரும்பலாம். நடுவில் ஆறு வந்து இவர் கடக்க முடியாமல் போனால், அந்தக் கரையிலிருந்து ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று சத்தம் வரும்வரை இந்தக் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை நகரத்துக் கூட்டத்துக்கு நடந்து போய்க் கையெழுத்துப் போடுவதைவிட இதுதான் தன் பதவியின் முக்கால்வாசி வேலை என்றார்.

“சத்தம் கேக்காம திரும்பிட்டா என்ன ஆகும்?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “திரும்ப முடியாது” என்றார். அவ்வளவுதான்.

நான் அப்போது இதை ஒரு நல்ல கதையாக மட்டும் கேட்டுக்கொண்டேன். தெருமுனைக் கடைக்காரியிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

மே மாதம் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை இரவு நர்கிஸ் புயல் எப்படி அடித்தது என்று அங்கே இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இல்லாதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. சனிக்கிழமை காலையில் காற்று ஓய்ந்து ஜன்னலைத் திறந்தபோது தெரு இல்லை. நூறு வருட மரங்களெல்லாம் வேரோடு படுத்துக்கிடந்தன. மின்கம்பிகள் தண்ணீருக்குள் கிடந்தன. எங்கள் வீட்டில் இரண்டு ஜன்னல் கண்ணாடிகள் உடைந்து, இருட்டில் அதை மிதித்து என் வீட்டுக்காரருக்கு உள்ளங்கால் கிழிந்திருந்தது.

எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. என் மகள் தன்லியினில் இருந்தாள். ஏழு மாத கர்ப்பம். மருமகன் படகில் வேலை பார்ப்பவர். பானைச் சரக்கு ஏற்றுவதற்காக த்வாண்டே போயிருந்தார். ஆக, தகரக் கூரை போட்ட அந்த வீட்டில் அவள் தனியாக இருந்திருக்கிறாள். தொலைபேசியை எடுத்தால் ஊமையாக இருந்தது. கைபேசியெல்லாம் அப்போது எங்களைப்போன்றவர்கள் நினைத்துப் பார்க்க முடியாத பொருள்.

“நான் போறேன்” என்றேன். பேருந்து ஓடாது என்றார் வீட்டுக்காரர். நடந்து போகிறேன் என்றேன். அவர் எழுந்து நிற்கப் பார்த்தார், காலில் கட்டியிருந்த துணி சிவந்தது, உட்கார்ந்துவிட்டார். அவர் கண்கள் கலங்கியதை நான் பார்த்தேன். அந்த மனிதர் அழுது அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

மூலையில் உட்கார்ந்திருந்த மலைக்காரர் எழுந்து தன் மனைவியிடம் தங்கள் மொழியில் ஏதோ பேசினார். அவள் சுவரில் சாய்ந்தபடி என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். புயல் அடித்த இரவு முழுவதும் அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. பிறகு அவர் என் வீட்டுக்காரர் முன்னால் வந்து நின்றார்.

“இவள ஒப்படைக்கறேன்” என்றார்.

என் வீட்டுக்காரர் அன்று கேலி பேசவில்லை. “ஏத்துக்கிட்டேன்” என்றார்.

அவர் என் சமையலறைக்குள் போய், நான் பூசணிக்காய் வெட்டும் பெரிய கத்தியை எடுத்துத் தன் உறையில் செருகிக்கொண்டார். அது உள்ளே ஆடியது. “வாங்க அமே” என்றார். பர்மிய மொழியில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கீழே இறங்கினால், எங்கள் வார்டு தலைவர் லோஞ்சிக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்களோடு மரம் அறுத்துக்கொண்டிருந்தார். இவர் நேரே அவரிடம் போனார். இந்த அம்மா தன்லியின் போகிறார், நான் உங்கள் விருந்தாளி, எங்களை அடுத்த வார்டு ஆள் கையில் ஒப்படையுங்கள் என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊரே பிழைத்தோமா செத்தோமா என்று கிடக்கும்போது இதென்ன சடங்கு, வழியைப் பார்த்து நடப்போம் என்று அவர் பையைப் பிடித்து இழுத்தேன். எங்கள் தலைவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரம்பத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, “வாங்க” என்றார். கையில் பதிவேடு இல்லாமல் அந்த மனிதர் என்னோடு பேசியது அன்றுதான் முதல் தடவை.

வார்டு எல்லையில் இன்னொரு கூட்டம் இன்னொரு மரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. “எங்க வார்டு அம்மா. மக கர்ப்பமா தன்லியின்ல தனியா இருக்கா. ஏத்துக்கங்க” என்றார் எங்கள் தலைவர். அதைச் சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அங்கிருந்த ஓர் ஆள் சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டே, “சரி, ஏத்துக்கிட்டோம்” என்று கூட வந்தார்.

இப்படியே போனது என்று சொன்னால் கதைபோல இருக்கும். எல்லா இடத்திலும் நடக்கவில்லை. ஓரிடத்தில் ஒருவர், அவனவன் வீட்டுக் கூரையைத் தேடிக்கொண்டிருக்கிறான், நீங்கள் வேறு என்று எரிந்து விழுந்தார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. மலைக்காரர் கோபப்படவும் இல்லை, நகரவும் இல்லை. அங்கேயே நின்றார். இந்த மனிதரை நம்பி வந்தேனே, தனியாக வந்திருந்தால் பாதி தூரம் போயிருப்பேனே என்று மனசுக்குள் திட்டினேன். கடைசியில் பக்கத்து வீட்டிலிருந்து வெற்றிலை விற்கும் ஒரு பெண், துணி கிழிந்துபோன குடையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, “நான் கூட்டிட்டுப் போறேன்” என்றாள்.

பாலத்துக்குப் போகும் வழியில், தக்கேட்டா பகுதிக்குள் ஒரு தெரு முழுவதும் இடுப்பளவு தண்ணீர். நான் தெருவோரமாக நடக்கலாம் என்று காலை எடுத்து வைத்தேன். அந்தப் பெண் குடையை என் மார்பின் குறுக்கே நீட்டிவிட்டாள். “அங்க சாக்கட. மூடிய வெள்ளம் அடிச்சிட்டுப் போயிடுச்சு. காலைல ஒருத்தர இழுத்துட்டுப் போச்சு” என்றாள். அவள் குடைக்கம்பியால் தண்ணீருக்குள் குத்திக் காட்டினாள். கம்பி முழுக்க உள்ளே போனது, அடி தட்டவில்லை. அதற்குப் பிறகு நான் மலைக்காரரின் பையைப் பிடித்து இழுக்கவில்லை. எந்தக் கம்பியில் மின்சாரம் இருக்கலாம், எந்தச் சந்து அடைத்துக்கிடக்கிறது, எந்தச் சுவர் விழக் காத்திருக்கிறது என்பதெல்லாம் அந்தந்தத் தெருக்காரர்களுக்குத்தான் தெரியும். நாற்பது வருடம் போய்வந்த வழி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அன்று காலை இல்லை.

தன்லியின் பாலத்துக்கு வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. முனையில் காவலுக்கு நின்றவர்கள் அடையாள அட்டை கேட்டார்கள். பாலத்துமேல் காற்று இன்னும் வீசுகிறது, அந்தப் பக்கம் வீடு வாசல் உள்ளவர்களை மட்டும் விடுகிறோம் என்றார்கள். என்னிடம் அட்டை இருந்தது. மகள் விஷயத்தைச் சொன்னேன், விட்டார்கள். மலைக்காரரின் அட்டை வீட்டில், மனைவியின் ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு இருந்தது. அவர் கெஞ்சவில்லை. பாலத்தை நீளவாக்கில் பார்த்தார். கீழே ஆறு மண் நிறத்தில் பெருகி ஓடியது. அவர் முகத்தில் ஒரு பழக்கமான பாவனை வந்தது. ஊரில் இதுபோல எத்தனை கரையில் நின்றிருப்பாரோ.

அந்த நேரம் பார்த்து ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் அரிசி மூட்டை. அந்தப் பக்கத்து ஆள். மாமியார் வீட்டுக்குப் போகிறாராம். மலைக்காரர் அவர் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“இந்த அமேய ஒப்படைக்கறேன். இவங்க மக கையில குடுக்கணும்.”

“பாலம் முடியற வரைக்கும்தானே, கூடவே வரட்டும்” என்றார் அவர்.

“மக கையில.”

சைக்கிள்காரர் அந்த முகத்தையும், இடுப்பில் ஆடும் பூசணிக்கத்தியையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி, ஏத்துக்கிட்டேன். மாமியாரப் பாக்க எனக்கொன்னும் அவசரமில்ல” என்றார்.

நான் மலைக்காரரிடம், தம்பி, நீங்கள் வீட்டுக்குப் போங்கள், உங்கள் மனைவிக்கு மூச்சு சரியில்லை என்றேன். அவர் ஒரு விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். “சத்தம் வரட்டும்” என்றார். மனைவியைப் பற்றி மறுபடியும் சொன்னேன். “அவள உங்க வீட்டுக்காரர் ஏத்துக்கிட்டாரே அமே” என்றார். அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை என்பதுபோல இருந்தது அந்தக் குரல்.

மகள் தெருவுக்குள் நுழைந்ததும் அவள் வீட்டைத் தேடினேன். வீடு இருந்த இடத்தில் ஒரு மழைமரம் கிடந்தது. அதன் கிளைகளுக்கு அடியில் அவள் வீட்டுத் தகரமும், நான் தைத்துக் கொடுத்த பச்சைத் திரைச்சீலையும் தெரிந்தன. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சைக்கிள்காரர் அப்போதே போயிருக்கலாம். தெரு வந்துவிட்டது, அவர் வேலை முடிந்தது. யாரும் அவரை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் சைக்கிளை நிறுத்திப் பூட்டினார். வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டு வந்து, என் கையைப் பிடித்துத் தூக்கி, “மடத்துல இருக்காங்களாம், எந்திரிங்க” என்றார்.

புத்த மடத்தின் பெரிய கூடத்தில் தெருவே உட்கார்ந்திருந்தது. என் மகள் வயிற்றைப் பிடித்தபடி ஒரு தூணோரம் உட்கார்ந்து யாருடைய குழந்தைக்கோ கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். புயல் வலுக்கும் முன்பே பிக்குகள் வந்து தெருவில் இருந்தவர்களை அழைத்துப் போய்விட்டார்களாம். என்னைப் பார்த்ததும் அவளுக்குத் தமிழும் பர்மியமும் கலந்து வந்தது. “அம்மா, எப்பிடி வந்தீங்க? தனியாவா வந்தீங்க?” என்று அழுதாள். சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். “இவங்க உங்க அம்மாவா? அப்ப ‘ஏத்துக்கிட்டேன்’னு சொல்லுங்க. சொல்லாம என்னால போக முடியாது போலிருக்கு” என்றார். அவள் ஒன்றும் புரியாமலே சொன்னாள்.

தனியாகவா வந்தீர்கள் என்று அவள் கேட்டது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. இல்லை என்று சொல்லத் தொடங்கினேன், சொல்லி முடிக்க முடியாமல் அழுதேன். அன்று காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அங்கேதான் வெளியே வந்தது.

அழுகை ஓய்ந்ததும் பாலத்து முனை ஞாபகம் வந்தது. மடத்துக்கு அரிசி எடுத்துவர ஒரு சின்ன லாரி அக்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓட்டுநரிடம் ஓடினேன். பாலம் தாண்டியதும் ஒரு குள்ளமான மனிதர் மரத்தின்மேல் உட்கார்ந்திருப்பார், இடுப்பில் சமையல் கத்தி இருக்கும், அவரிடம் ‘மகள் ஏற்றுக்கொண்டாள்’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். புயலில் மூளை கலங்கிய கேஸ் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். தலையாட்டினார். சொன்னாரா இல்லையா என்று எனக்குத் தெரிய வழியில்லை. அன்று மாலை மழை வேறு கொட்டியது. மனம் பாதி மகளிடமும் பாதி பாலத்திலும் கிடந்தது.

மருமகன் பத்திரமாக வந்து சேர்ந்தபின்தான் நான் ரங்கூனுக்குத் திரும்பினேன். பாலத்து முனையில் அந்த மரம் இருந்தது, அவர் இல்லை. மூச்சு வாங்க மூன்று மாடி ஏறினேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து என் பூசணிக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

நடந்ததை என் வீட்டுக்காரர் சொன்னார். லாரிக்காரர் நான் சொன்னதை மறந்தே போய்விட்டாராம். பாலம் இறங்கிக் கொஞ்ச தூரம் போனபிறகு, மழையில் நனைந்தபடி ஒருவர் இடுப்பில் கத்தியோடு உட்கார்ந்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்து, வண்டியைப் பின்னாலேயே எடுத்துவந்து கத்தியிருக்கிறார். இவர், யார் சொன்னது என்று கேட்டாராம். மகளே சொன்னாள் என்றதும் எழுந்து வந்துவிட்டார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்திருக்கிறார்.

அதுவரை என் வீட்டுக்காரர் மலைக்காரர் மனைவியின் பக்கத்தில் போட்ட நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லையாம். தண்ணீர் பிடிக்கக் கீழே இறங்கவில்லை. அடுத்த வீட்டுப் பர்மியப் பெண் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். நோயாளிக்கு மூச்சு இழுத்தபோதெல்லாம் நாட்காட்டி அட்டையால் விசிறிக்கொண்டே இருந்திருக்கிறார். சொந்த வீட்டில் மின்விசிறிப் பொத்தானைக்கூட நான்தான் தட்ட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கும் மனிதர். “என்ன பண்றது, வாயக் குடுத்துட்டேனே” என்று சிரித்தார். ஆனால் அவருக்கு அதில் பெருமைதான் என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி நிதானத்துக்கு வந்து, ஜூன் கடைசியில் அந்தப் பெண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கழுத்தில் கட்டோடு முதல்முறையாக அவள் மல்லாந்து படுத்துத் தூங்கியதை நானும் அவரும் கதவோரம் நின்று பார்த்தோம். சாப்பாட்டு உப்பில் இருக்க வேண்டிய சத்து இல்லாததுதான் காரணம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், ஊருக்குப் போகும்போது நல்ல உப்பாக வாங்கிக் கட்டிக் கொடுத்தேன். வீட்டுக்காரரோடு விமான நிலையத்துக்கும் போனேன். உள்ளே போகும் வாசலில் மலைக்காரர் நின்றார்.

“அமே, எங்கள யார் கையில குடுக்கறீங்க?”

சுற்றிப் பார்த்தேன். சீட்டு சரிபார்க்கும் ஒரு சின்னப்பெண் நின்றிருந்தாள். அவளிடம் போய், இவர்களை ஒப்படைக்கிறேன் அம்மா என்றேன். அவள் சிரித்துவிட்டு, “ஏத்துக்கிட்டேன் ஆன்ட்டி” என்றாள். அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். விமானம் கிளம்பிப் போனபிறகும் நான் அங்கேயே நின்றேன். “என்ன, இங்கயே உக்காந்துக்கப் போறியா?” என்றார் வீட்டுக்காரர். அவர்கள் ஊருக்குப் போகும் பாதை மழைக்காலத்தில் எப்படி இருக்கும் என்று மலைக்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். புதிதாகக் கத்தி வைத்த கழுத்தோடு அவள் எப்படி நடப்பாள் என்பதுதான் என் கவலை.

ஜூலை போனது. என் பேத்தி பிறந்தாள். ஆகஸ்ட், செப்டம்பர் போயின. ஒரு செய்தியும் இல்லை. மலையில் தொலைபேசி கிடையாது, போதகருக்கும் தகவல் இல்லை. படியில் காலடிச் சத்தம் கேட்டால் தையல் மிஷினை நிறுத்திவிடுவேன். கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு நாள் காலை, முன்பின் தெரியாத ஒருவர் மூச்சிரைக்க மேலே வந்து நின்றார். ரங்கூனுக்கு வடக்கு ஓரம் ஷ்வேப்யிதாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவராம்.

“பசுண்டாங் மூணாம் மாடி, தையக்கார அம்மா நீங்கதானா?”

“ஆமா.”

“ஏத்துக்கிட்டாங்களாம். ரெண்டு பேரும் சேந்தாச்சாம். நல்லா மூச்சு விடறாங்களாம்.”

யார் சொல்லி அனுப்பியது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அவருக்குச் சொன்னவர் வடக்கே மிச்சினா நகரத்திலிருந்து வந்த ஒரு பழைய நண்பர். அவருக்குப் பூத்தாவோவில் யாரோ சொன்னார்களாம். அதற்கு முன்னால் யார் யாரோ. அந்தச் செய்திக்கு என்ன பொருள் என்றே இவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் விடுமுறை நாளில் இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார். ஏன் வந்தீர்கள் என்றதற்கு, “சொல்றேன்னு ஏத்துக்கிட்டேனே” என்றார். அவரை உட்கார வைத்துச் சோறு போட்டேன். அவர் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. என் வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் போய்ச் சேர்ந்ததும் சொல்லு என்பேன். சொல்லும்வரை வேறு வேலை ஓடாது. மகள் கேலி செய்வாள். நான் பிறந்து வளர்ந்த ஊரில் எந்த நாடு நீங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், ஒரே ஒரு நாள், தெருத் தெருவாக நின்று ‘ஏற்றுக்கொண்டோம்’ என்று என்னைக் கைமாற்றி மகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்த வார்த்தையை அவர்களிடம் வாய்விட்டுக் கேட்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை, பனிமலையிலிருந்து வந்த ஒருவருக்குத்தான் தோன்றியது.